அந்தக் கெமெக்குக்கு யார் பொறுப்பு?

கார் கதவில் ஆழமில்லாத ஒரு நசுங்கல். நம் பேச்சில் சொன்னால், கெமெக். பெயிண்ட் உரியவில்லை. கதவு ஒழுங்காகத் திறந்து மூடுகிறது. ஆனால் சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது அந்த இடம் மட்டும் கண்ணை உறுத்துகிறது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், வெளியே சாலையோரத்தில் இடம் தேடிக் காடியை நெருக்கி நிறுத்துகிற யாருக்கும் இது புதுசு இல்லை. பக்கத்துக் காடிக்காரர் கதவைக் கொஞ்சம் வேகமாகத் திறந்திருப்பார், அவ்வளவுதான்.

உடனே ஒரு கேள்வி வரும்: நாமே எடுத்துவிடலாமா, இல்லை ஆளிடம் கொடுக்கலாமா? நம் இளைஞர் பிரிவு வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் பத்து பதில் வந்துவிடும். சுடுதண்ணி ஊத்து, ஹேர் டிரையர் பிடி, கழிவறை அடைப்பு எடுக்கிற ரப்பர் பம்பை வச்சு இழு, எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் அம்பது வெள்ளிக்குச் செய்வாரு. எல்லாப் பதிலும் கடைசியில் ஒரே இடத்தில் போய் நிற்கும்: எது மலிவு? அப்படிக் கேட்பதில் தப்பில்லை. மாணவர்களான நமக்கு அம்பது வெள்ளி அம்பது வெள்ளிதான். ஆனால் "நானே செய்றேன்" என்று ஒருவர் சொல்லும்போது அதற்குள் வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதைத்தான் இங்கே யோசிக்கப் போகிறேன். இயந்திரப் பொறியியல் படிப்பதால் தகட்டிலிருந்து தொடங்குவது எனக்கு வசதி. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் கதவின் வெளித்தகடு ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகு. அதன்மேல் துரு தடுக்கும் பூச்சு, பிரைமர், நிறம், கடைசியில் கண்ணாடி மாதிரி ஒரு கிளியர் கோட். இத்தனை அடுக்கும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் வரும். எஃகைக் கொஞ்சமாக வளைத்தால், கையை எடுத்ததும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஓர் எல்லையைத் தாண்டி வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். ஆழமில்லாத கெமெக்கில் இந்த இரண்டுமே இருக்கின்றன. நடுப்பகுதி பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டியிருக்காது. அது திரும்பி வரத்தான் பார்க்கிறது. சுற்றியிருக்கிற விளிம்புதான் நிரந்தரமாக மடங்கிப்போய், நடுவை வரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

இது தெரியாதவர் என்ன செய்வார்? கதவுக்குள்ளே கையை விட்டு, பள்ளத்தின் நடுவைக் கட்டை விரலால் பலமாக வெளியே தள்ளுவார். பள்ளம் போகாது. அதன் நடுவில் பரு மாதிரி ஒரு சின்ன மேடு கிளம்பும். தள்ளிய இடத்தில் தகடு இழுபட்டுவிட்டது. முன்பு இருந்ததைவிட அதற்குப் பரப்பு கூடிவிட்டது, அந்தக் கூடுதல் பரப்புக்குப் போக இடமில்லை. போதாததற்கு, வளைந்து வளைந்து எஃகு இறுகியும் போகும். அதன்பின் அனுபவசாலிக்கே அது கஷ்டமான வேலை.

பிளாஸ்டிக் பம்பர் கதை வேறு. இப்போதைய பம்பர்கள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் கலவை. சூடு பட்டால் இளகும், உள்ளேயிருந்து தள்ளினால் தன் பழைய வடிவத்துக்கு வரப் பார்க்கும். அம்மாவுடைய மைவியின் பின் பம்பரை நான் அப்படித்தான் எடுத்தேன்: ஒரு கெத்தில் கொதிதண்ணி, ஒரு ஜோடி தடித்த கையுறை, பத்து நிமிடம். வாட்ஸ்அப் வைத்தியம் இங்கே பலித்தது. அதே கொதிதண்ணியை எஃகுக் கதவில் ஊற்றினால், கழுவின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். நூறு டிகிரிச் சூடு எஃகுக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஹேர் டிரையரால் சுடவைத்து, பிறகு குளிர்ந்த வாயுவைப் பீய்ச்சுகிற வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டிகிரிச் சூட்டுக்கு எஃகு நீள்வது பத்து லட்சத்தில் சுமார் பன்னிரண்டு பங்கு. பத்து சென்டிமீட்டர் அகலமான கெமெக்கை 80 டிகிரி சூடேற்றிக் குளிரவைத்தால், கிடைக்கிற அசைவு 0.1 மில்லிமீட்டர்கூட முழுசாக இல்லை. தகடு மடங்காமல் உள்ளே குழிந்து மட்டும் நிற்கிற கெமெக் என்றால், அந்தச் சின்ன அசைவே அதைத் தட்டிவிட்டு 'டப்' என்று வெளியே வரவைக்கலாம். அப்படி வருகிற கெமெக்கைத்தான் வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். வராததை யார் போடுவார்? ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்த டப்பாக்களில் சிலவற்றில் இருப்பது தீப்பற்றுகிற வாயு. சூடான இரும்புக்கும் ஹேர் டிரையருக்கும் பக்கத்தில் அதை அடிக்கிற வீடியோக்களை நான் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்க்கிறேன்.

பசை வைத்து இழுக்கிற கருவிப்பெட்டியும் இருக்கிறது. விடுதியில் என் அறைத்தோழன் ஒன்று வாங்கினான். பழைய சாகா, அவனே உழைத்து வாங்கியது. இழுத்தான், கெமெக் பாதி வந்தது, பெயிண்ட் ஒரு பட்டையாக முழுசும் வந்தது. அந்தக் கதவுக்கு முன் சொந்தக்காரர் எப்போதோ மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார். தொழிற்சாலைப் பூச்சு பிடிக்கிற அளவுக்கு மறு பூச்சு பிடிக்காது. அவன் ரொம்ப நேரம் சிரித்தான். "என் காடி, என் கதவு, என் பாடம்" என்றான். அடுத்த வாரம் இன்னொரு கெமெக்கில் மறுபடி முயன்றான். அவனை நான் மதிக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

காப்புறுதியில் கோரலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நம் நாட்டில் தனியார் காருக்கு, கோரிக்கை வைக்காத ஒவ்வோர் ஆண்டும் என்.சி.டி. தள்ளுபடி 25, 30, 38.33, 45, 55 விழுக்காடு என்று ஏறும். அடிப்படைச் சந்தா ஆயிரம் வெள்ளி என்றால், உச்சத்தில் இருப்பவர் 450 கட்டுகிறார். சொந்தச் சேதத்துக்கு ஒரு தடவை கோரினால் தள்ளுபடி பூஜ்யத்துக்கு இறங்கி, அடுத்த ஆண்டு ஆயிரமும் கட்ட வேண்டும். மறுபடி 55க்கு ஏற ஐந்து ஆண்டு. ஒரு கெமெக்குக்காக யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். ஆக மிஞ்சுவது இரண்டு வழி: என் கை, அல்லது இன்னொருவர் கை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

"நானே செய்றேன்" என்ற சொல் இரண்டு வேறு இடங்களிலிருந்து புறப்படுகிறது. ஒன்று ஆசை. இது எப்படி வேலை செய்கிறது, என் கைக்கு இது வருமா என்று பார்க்கிற ஆசை. தோட்டத்தில் வாழ்ந்த நம் தாத்தாக்களிடம் அது நிறைய இருந்தது. சைக்கிள், மண்ணெண்ணெய் அடுப்பு, ஒழுகும் கூரை, எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாததால்தான் பாதி, ஆனால் மீதிப் பாதி பெருமைதான். என் அறைத்தோழனிடம் இருப்பதும் அந்த ஆசைதான்.

இரண்டாவது இடம் வேறு. "இதுக்கெல்லாம் போய் காசா? தட்டுனா வந்துரும்!" இப்படிச் சொல்கிறவர் வேலையின் மேல் ஆசைப்பட்டுச் சொல்லவில்லை. இன்னொருவருடைய வேலைக்கு மதிப்பில்லை என்று சொல்கிறார். வெளியே பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரி கையில் ஹேர் டிரையரோடு நிற்பார்கள். உள்ளே இருக்கிற நினைப்பு நேர் எதிர். இரண்டாவது ஆள் யார் என்று கண்டுபிடிப்பது சுலபம். தன்னால் முடியாமல் போய், கடைசியில் பட்டறைக்குப் போகும்போது அவர் பேரம் பேசுகிற விதத்தைப் பார்த்தாலே போதும்.

அம்மாவின் மைவி கதவுக்கு நான் பட்டறைக்கே போனேன். பள்ளம் கதவின் வரிக்கோட்டுக்கு மிக அருகில் இருந்தது. அந்தக் கோட்டில் தகடு ஏற்கெனவே மடித்து இறுக்கப்பட்டிருப்பதால் அங்கே விளையாடக்கூடாது என்று படிப்பு சொன்னது. கிள்ளான் பக்கம், 'கெத்தோக் டான் சாட்' என்று பலகை மாட்டிய கடை. ஓரமாக, பெயிண்ட் தொடாமல் கெமெக் மட்டும் எடுக்கிற ஓர் அண்ணன். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். பதினாறு வயதில் இந்த வேலைக்கு வந்தவராம்.

நான் எதிர்பார்த்தது சுத்தியல். அவர் முதலில் எடுத்தது விளக்கு. கோடு கோடாக ஒளி விழுகிற விளக்கு. அதைக் கதவின் பக்கத்தில் நிறுத்தி, அந்தக் கோடுகள் பெயிண்டில் எப்படித் தெரிகின்றன என்று பார்த்தார். நல்ல தகட்டில் கோடுகள் நேராக ஓடும். பள்ளத்தில் ஒன்றையொன்று நெருங்கி வளையும். என் கண்ணுக்கு ஒரு குழி தெரிந்த இடத்தில் அவர் கண்ணுக்கு ஒரு வரைபடம் தெரிந்தது. பிறகு கண்ணாடி இறங்கும் இடுக்கில் ஓர் ஆப்பு வைத்து, அதன் வழியாக நீளமான வளைந்த கம்பியைக் கதவுக்குள் விட்டார். கம்பி முனை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. உள்ளே பார்க்க முடியாது. மெதுவாக ஒரு அழுத்து. கோட்டில் ஒரு நெளிவு அசைகிறது. ஆ, அங்கே இருக்கிறது முனை. இனி அடுத்த அழுத்து.

நடுவை அவர் தொடவே இல்லை. விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வந்தார். ஒவ்வோர் அழுத்தும் ஒரு தலைமுடி அளவு. சில இடத்தில் கொஞ்சம் மேடு எழுந்தால், மழுங்கிய முனையுள்ள ஒரு குச்சியை வைத்து மேலேயிருந்து மெல்லத் தட்டி இறக்கினார். நாற்பது நிமிடம் அப்படியே. நடுவில் ஒரே ஒரு தடவை பேசினார். "தம்பி, அந்த லைட்ட மறைக்காதீங்க." நான் மூன்று செமஸ்டர் படித்த வளைவு, இறுக்கம், மீள்தன்மை எல்லாம் அந்த மனிதரின் மணிக்கட்டில் இருந்தது. அவருக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. எனக்குப் பெயர்கள் மட்டும்தான் தெரியும்.

120 வெள்ளி கேட்டார். கொடுத்தேன். எனக்கு அடுத்து நின்றவர் நம்ம ஆள்தான், நெற்றியில் திருநீறு. தன் காடியைக் காட்டினார். அண்ணன் விலை சொன்னார். "என்ன அண்ணே, இந்தத் தம்பிக்குப் பார்த்தேனே, ஒரு சாமான் போடலை, பெயிண்ட் அடிக்கலை, சும்மா கம்பிய விட்டு நெம்புனீங்க. இதுக்கு இவ்ளோவா? தமிழன் தமிழனுக்குச் செய்யக்கூடாதா?" அண்ணன் கோபப்படவில்லை. "செய்றேன்ங்க. பெயிண்ட் வெடிச்சா யாரு பார்த்துக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அவரிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னோடு வந்தது. நான் 120 வெள்ளிக்கு வாங்கியது நாற்பது நிமிட உழைப்பு என்றுதான் நினைத்திருந்தேன். கொஞ்சம் யோசித்து, அவருடைய இருபத்தைந்து வருட அனுபவத்துக்கும் சேர்த்துத்தான் அந்தக் காசு என்றும் சொல்லிக்கொண்டேன். அதற்குமேலும் ஒன்று இருக்கிறது. கம்பியை உள்ளே விட்ட நிமிடத்திலிருந்து எடுக்கிற நிமிடம்வரை அம்மாவின் கதவுக்கு அவர் பொறுப்பு. பெயிண்ட் வெடித்தால் அவர் பார்க்க வேண்டும். கண்ணாடி கீறினால் அவர் பார்க்க வேண்டும். சில கார்களில் கதவுக்குள்ளே பக்கவாட்டுக் காற்றுப்பைக்கான உணரி இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டால் அதுவும் அவர் தலையில். அந்த நாற்பது நிமிடம் என் பயத்தை அவர் சுமந்தார். பேரத்தில் நாம் குறைக்கச் சொல்வது இந்தச் சுமைக்கான கூலியைத்தான்.

இதை ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்து தேநீர் குடிக்கும்போது நண்பர்களிடம் சொன்னேன். ஒருவர் கீதையைக் கொண்டு வந்தார். "அதான் சுவதர்மம். தட்டுறது அவரு வேலை, படிக்கிறது உன் வேலை. நீ ஏன் அதைக் கையில எடுக்கணும்?" கேட்க நன்றாக இருந்தது, ஆனால் எனக்கு ஒப்பவில்லை. சுவதர்மம் பற்றி மூன்றாம் அத்தியாயத்திலும் பதினெட்டாம் அத்தியாயத்திலும் பேச்சு வருகிறது. என் கடமையை, குறையோடு ஆனாலும், நான் விடக்கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டதாகத்தான் நான் அதைப் படிக்கிறேன். அதை எடுத்து இன்னொருவர் முதுகில் 'நீ தட்டுகிறவன்' என்று ஒட்டினால், நம் தாத்தா பாட்டிகளைத் தோட்டத்திலேயே இருக்கச் சொன்னவர்களின் வாதம் அதேதான். அந்த அண்ணனின் மகள் மருத்துவம் படிக்கலாம், நான் கம்பி பிடிக்கலாம். யார் எந்த வேலையில் பிறந்தார் என்பது கேள்வியே இல்லை.

எனக்கு அந்த இடத்தில் ஞாபகம் வந்தது திருக்குறிப்புத் தொண்ட நாயனார். பெரிய புராணக் கதை, வகுப்பில் எல்லோரும் கேட்டதுதான், ஆனால் ஒரு கெமெக்கை வைத்துக்கொண்டு அதை யோசித்துப் பாருங்கள். காஞ்சியில் துணி வெளுக்கிறவர். அடியார்களின் துணியை வெளுத்துக் கொடுப்பதையே தொண்டாக வைத்திருந்தார். குளிர்காலத்தில், மெலிந்த உடம்போடு, அழுக்கான ஒரே ஒரு கந்தையோடு ஓர் அடியார் வருகிறார். துவைத்துத் தருகிறேன், கொடுங்கள் என்கிறார் நாயனார். அடியார் நிபந்தனை போடுகிறார்: குளிர் தாங்காது, பொழுது சாய்வதற்குள் வேண்டும். நாயனார் ஒப்புக்கொள்கிறார். துவைக்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது, விடவே இல்லை. பொழுதும் சாய்கிறது. மழைக்கு அவர் என்ன செய்வார் என்று நாம் கேட்போம். அவர் அப்படிக் கேட்கவில்லை. துவைக்கிற கல்லிலேயே தன் தலையை மோதப் போகிறார். அப்போதுதான் இறைவன் கை வந்து தடுக்கிறது.

தலையை மோதிக்கொள்வதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை! ஆனால் துணி இன்னொருவருடையது என்பதை அவர் எவ்வளவு ஆழமாக எடுத்துக்கொண்டார் பாருங்கள். அது அவருடைய துணியாக இருந்திருந்தால் ஈரத்தோடு நாளைக்குக் காயட்டும் என்று விட்டிருப்பார். "கொடுங்கள்" என்று கேட்டு வாங்கியதும் அந்தக் கந்தையோடு அடியாரின் குளிரும் அவர் கைக்கு வந்துவிட்டது. தொழில்காரர் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. வந்தவர் நாயனாரிடம் வேறு எதையும் சோதிக்கவில்லை, இதைத்தான் சோதித்தார்.

இதை வைத்துப் பார்த்தால் என் அறைத்தோழனை ஏன் மதிக்கிறேன் என்பது புரியும். பெயிண்ட் உரிந்தது, இழப்பு அவனுடையது, அவன் அதை எடுத்துக்கொண்டான். "நானே செய்றேன்" என்பது நல்ல சொல்லாக இருப்பது அதுவரைதான். தங்கச்சி காடியில், அப்பா காடியில், காதலி காடியில் போய் "நான் எடுத்துத் தர்றேன், ஆளுக்கெல்லாம் குடுக்காத" என்று சொல்கிற அண்ணன்மாரைப் பார்த்திருக்கிறேன். வந்தால் பெருமை இவருக்கு, வராவிட்டால் கெமெக் அவர்களுக்கு. அதைத் தற்சார்பு என்று சொல்ல என்னால் முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. பட்டறைக்காரர் எல்லோரும் நாயனார் இல்லை. தட்டி எடுக்கக்கூடியதை "கதவே மாத்தணும்" என்பவர் இருக்கிறார். பள்ளத்தை எடுக்காமல் புட்டியைப் பூசி மெழுகி, மேலே பெயிண்ட் அடித்து அனுப்புகிறவர் இருக்கிறார். மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தைக் கதவில் வைத்து நகர்த்திப் பாருங்கள். கனமாகப் புட்டி இருக்கிற இடத்தில் காந்தம் ஒட்டாது. வேலைக்கு முன்பே, எடுக்கப் போகிறீர்களா பூசப் போகிறீர்களா, பெயிண்ட் போனால் யார் பார்ப்பது என்று கேட்டுவிடலாம். நல்ல தொழில்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் முழுக் கூலி கொடுக்கத் தயாராக இல்லாதவர் இந்தக் கேள்வியைக் கேட்க வாய் வராது என்பதையும் கவனித்திருக்கிறேன். அரைக் காசுக்கு முழுப் பொறுப்பு கேட்க அவருக்கே கூச்சமாக இருக்கும்.

சரி, காசே இல்லை, என்ன செய்வது? மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. அப்படியே விட்டுவிடுங்கள். பெயிண்ட் வெடிக்காத கெமெக் துருப்பிடிக்காது, வளராது, காடியின் ஓட்டத்தைத் தொடாது. நம் கண்ணைத் தவிர அது யாரையும் தொந்தரவு செய்வதில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகும்போது பக்கத்தில் நிற்கிற காடிகளைக் கொஞ்சம் பாருங்கள், பாதிக் காடியில் ஒன்றாவது இருக்கும்.

நம் ஊரில் கும்பாபிஷேகம் நடக்கும்போது தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகளை வரவழைக்கிறோம். பத்துமலையில் 2006இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் முருகன் சிலையின் முன் நின்று அண்ணாந்து பார்க்கும்போது, அந்த முகத்தின் வளைவைக் கண்ணால் அளந்து கொண்டுவந்த கைகளை நினைத்துச் சிலிர்க்கிறோம். ஸ்தபதிக்கு வேட்டி, மாலை, மேளம், மரியாதை. கொடுக்கத்தான் வேண்டும். ஒளியை விழவைத்து மேடு பள்ளம் பார்க்கிற அதே கண்தான் கிள்ளான் அண்ணனுக்கும் இருக்கிறது. அவரிடம் மட்டும் "சும்மா நெம்புனீங்க" என்கிறோம். ஆயுத பூஜை அன்று அவர் கடைக்கே காடியைக் கொண்டுபோய், டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஸ்பேனருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, மறுநாள் அந்த ஸ்பேனரைப் பிடிக்கிற கையிடம் இருபது வெள்ளிக்கு மல்லுக்கு நிற்கிறோம்.

வீட்டிலும் இதே பாட்டுதான். "படிக்கலைன்னா மெக்கானிக் கடையிலதான் நிப்ப" என்று மிரட்டப்படாத தமிழ்ப் பையன் நம்மில் எத்தனை பேர்? நானும் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலை, அதற்குமேல் டிப்ளோமா, மேல் டிப்ளோமா என்று ஐந்து படிகள் இருக்கின்றன. கார் உடல் பழுதுக்கும் பெயிண்டுக்கும் அதில் படிப்பு உண்டு. நம் இயக்கத்தில் எஸ்.பி.எம். முடித்த தம்பிகளுக்கு வழிகாட்டி நிகழ்ச்சி நடத்தும்போது, பல்கலைக்கழக மேசைக்கு முன்னால் கூட்டம் அலைமோதும். திறன் பயிற்சி மேசையில் இருப்பவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். சென்ற ஆண்டு அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது நான்தான். வந்தவர்கள் நான்கு பேர். அதில் இரண்டு பேர் கழிவறை எங்கே என்று கேட்க வந்தார்கள்.

இன்னும் ஒரு சந்தர்ப்பத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை: இன்னொருவர் காடியில் நாம் கெமெக் போட்டுவிட்டால். கார் நிறுத்துமிடத்தில் ஆளில்லாத காடியை இடித்துவிட்டு, கைக்குட்டையால் துடைத்துப் பார்த்து, "சின்னதுதான், பாலிஷ் போட்டா போயிடும்" என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொண்டு நகர்வது பழக்கமாகிவிட்டது. அது சின்னதா பெரியதா என்று சொல்லும் உரிமை அந்தக் காடிக்காரருடையது. விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் கொடுக்க வேண்டும் என்பது 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது, வைப்பருக்கடியில் பெயரும் எண்ணும் எழுதிய ஒரு துண்டுக் காகிதம்.

அம்மாவின் மைவியை அடுத்த ஆண்டு விற்கப் போகிறோம். கதவில் இப்போது எதுவும் தெரியாது. புட்டி இல்லை, பெயிண்டும் தொழிற்சாலைப் பெயிண்டே. ஆனாலும் வாங்க வருகிறவரிடம் இடது பின் கதவில் கெமெக் எடுத்திருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்றேன். "தெரியாத ஒன்னை நாமளா ஏன் சொல்லணும்? நூறு வெள்ளி குறைச்சுக் கேப்பான்" என்று அம்மா கேட்டார்கள். குறைச்சா குறைக்கட்டும், காடி இனி அவருடையதாகப் போகிறது, என்ன வாங்குகிறார் என்று அவருக்குத் தெரியட்டும் என்றேன். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை.